களிப்பும் கடப்பாடும்: கிழக்கிலங்கைக் கரையோர உல்லாச நகரங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

களிப்பு மனித வாழ்வின் இயல்பான தேவைகளுள் ஒன்று. உழைப்புக்குப் பின் ஓய்வும், ஓய்வுக்குத் துணையாக ஆடலும் பாடலும் வேண்டுமென்பதை ஏற்காத சமுதாயம் எதுவுமில்லை. ஆதலின், களிப்பு நல்லதோ தீயதோ என்று பொதுப்பட வினவுவதால் அறவியலுக்குப் பயன் விளைவதில்லை. ஒருவன் எங்கே களிக்கின்றான், யார் நடுவே களிக்கின்றான், அவன் களிப்பின் சுமையை யார் தாங்குகின்றனர் என்பனவே வினவத்தக்கவை. தன் ஊரில் தன் சுற்றத்தார் நடுவே களிப்பவனுக்கு இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. சுற்றமே அவற்றை அவனுக்காக எழுப்பிவிடும். அயலூர் சென்று களிப்பவனின் நிலை வேறு. அவனைக் கேட்பார் இலர். களிப்பையே தொழிலாகக் கொண்ட கடற்கரை நகரங்கள் உலகெங்கும் தோன்றியுள்ள இக்காலத்தில், அங்கே செல்பவன் விடுதிக் கட்டணத்தைச் செலுத்தியதோடு அவ்வூருக்குரிய கடனையும் தீர்த்துவிட்டானா என்ற கேள்வி ஆராயத்தக்கது.

இக்கேள்வியை ஆராய்வதற்குப் புளியந்தீவு ஏற்றதோர் இடமாகும். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த இச்சிறு தீவே மட்டக்களப்பு நகரின் பழைய உள்ளகம். கோட்டையும் கோயில்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் கடைத்தெருவும் நிறைந்த இத்தீவு உல்லாச நகரன்று. இரவு முதிரும் முன்னரே இதன் தெருக்கள் அடங்கிவிடும். ஆயினும் இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் சென்றால் பாசிக்குடாவையும், தெற்கே 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் சென்றால் அறுகம்குடாவையும் அடையலாம். அமைதியான ஓர் ஊர் இரு திசையிலும் களிப்பின் ஒளியைக் கண்டவாறு நிற்கின்றது. உள்ளே நிற்பவனுக்குத் தெரியாத சில, சற்று விலகி நிற்பவனுக்குத் தெரிதல் கூடும்.

அந்நியரின் வருகை இத்தீவுக்குப் புதிதன்று. 1602 இல் ஒல்லாந்தக் கடலோடியான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, அங்கிருந்து கண்டி மன்னனைக் காணச் சென்றான். 1628 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் வந்து பாடசாலை தொடங்கினார். மறு ஆண்டே இம்மண்ணில் இறந்தார். இவர்களுள் ஒருவர் வாணிகத்தை நாடினார். ஒருவர் ஆட்சியை நாடினார். ஒருவர் மதத்தைப் பரப்ப விழைந்தார். நோக்கம் நல்லதாயினும் தீயதாயினும், இவர்கள் எல்லோரும் இங்குள்ள மக்களோடு ஊடாட வேண்டியவராயினர். வாணிகனுக்கு விற்போன் வேண்டும். ஆள்பவனுக்கு ஆளப்படுவோன் வேண்டும். போதகனுக்கு மாணவன் வேண்டும், அவன் மொழியும் வேண்டும். உல்லாசத்தை நாடி வருபவனோ கடலையும் மணலையும் வெயிலையும் நாடி வருகின்றான். ஊர்மக்கள் ஒருவரையும் அறியாமலே அவன் வந்து மீளலாம். இத்தகைய வருகை வரலாற்றில் புதியது.

இலங்கையில் உல்லாசப் பிரயாணத்துறை திட்டமிட்ட ஒரு தொழிலாக வளரத் தொடங்கியது 1966 இல் உல்லாசப் பிரயாண சபை நிறுவப்பட்டதன் பின்னராகும். அவ்வாண்டில் நாட்டுக்கு வந்த பயணிகளின் தொகை 20,000 ஐயும் எட்டவில்லை. 1982 இல் அது 4 இலட்சத்தைக் கடந்தது. தொடக்கத்திலேயே வளர்ச்சிக்குத் தெரிவு செய்யப்பட்ட கரைகளுள் பாசிக்குடா - கல்குடாப் பகுதியும் ஒன்று. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவு நீரே நிற்கும் அக்குடாவின் அமைதி 1970களில் உல்லாச விடுதிகளை ஈர்த்தது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலையச் செய்தது. 1983 இன் பின் மூண்ட யுத்தம் விடுதிகளை வெறுஞ்சுவர்களாக்கியது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. 2007 இல் கிழக்கில் போர் ஓய்ந்து, 2009 இல் யுத்தம் முழுமையாக முடிவுற்ற பின்னர், 2011 முதல் புதிய பெருவிடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவை எழுந்தபோது, தோணி இறக்கவும் வலை உலர்த்தவும் மீனவருக்கு இருந்த இடம் சுருங்கிற்று என்ற முறைப்பாடும் உடன் எழுந்தது.

அறுகம்குடாவின் வரலாறு சற்று வேறானது. பொத்துவிலுக்கு அண்மையில், உல்லை என்று ஊரார் அழைக்கும் அக்கரைக்கு அலைச்சறுக்கு வீரரே முதலில் வந்தனர். அரசின் பெருந்திட்டம் எதுவுமின்றி, ஊரவரே வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டும், ஓலைக் கொட்டிலில் சோறு சமைத்துக் கொடுத்தும் அத்தொழிலை வளர்த்தனர். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் அவ்விடத்தில் ஏப்ரல் முதல் ஒற்றோபர் வரை பயணிகள் நிறைவர். இரவில் இசையும் நடனமும் ஓயா. அங்கும் 2004 இல் அலை வந்து வீடுகளை வாரிச் சென்றது. பொத்துவிலையும் உல்லையையும் இணைத்த பாலத்தைச் சிதைத்தது. 2024 ஒற்றோபரில் அங்கே வெளிநாட்டுப் பயணிகள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தபோது, தொலைதேசத்துப் போரின் நிழல் அலைச்சறுக்குக் கரையிலும் விழுந்தது. பயணி தன் நாட்டை விட்டுவிட்டு வருவதில்லை. அவன் வந்திறங்கும் ஊரும் வரலாறற்ற வெறும் மணற்பரப்பன்று.

உல்லாச நகரத்துக்குச் சார்பாக முதலிற் கூறப்படுவது பொருளாதார நியாயமாகும். அந்நியச் செலாவணி நாட்டுக்கு வேண்டும். யுத்தத்தாலும் அலையாலும் அனைத்தையும் இழந்த மாவட்டத்தில் இளைஞருக்குத் தொழில் வேண்டும். விடுதியில் அறை துப்புரவு செய்பவனின் மாதச் சம்பளம் ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவாகின்றது. அறையும் உணவும் படகுச் சவாரியும் விற்கத்தக்க பண்டங்களே; அவற்றை விற்பதிலும் வாங்குவதிலும் இழிவு எதுவுமில்லை. இந்நியாயத்தை எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது. வயிறு நிறைந்தவன் பிறனுடைய தொழிலைப் பார்த்துப் பண்பாடு கெடுகின்றதென்று முகஞ்சுளிப்பது அறமாகாது.

எனினும், விற்கப்படுவது அறையும் உணவும் மட்டுந்தானா என்பது நோக்கத்தக்கது. ஜேர்மன் மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில், விலையுடையனவற்றையும் மாண்புடையனவற்றையும் வேறுபடுத்தினார். விலையுடையதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் விமானப் பணிப்பெண்களின் தொழிலை ஆராய்ந்து 1983 இல் எழுதிய நூல் இவ்வேறுபாட்டை அன்றாட வாழ்வோடு பொருத்திக் காட்டியது எனலாம். கையுழைப்போடு முகத்தின் சிரிப்பும் மனத்தின் கனிவும் சம்பளத்துக்குரிய உழைப்பாக மாறும்போது, உழைப்பவர் தம் உணர்விலிருந்தே அந்நியமாகின்றனர் என்பது அவர் காட்டிய உண்மை.

இவ்வுண்மையைத் தமிழ் மரபின் அருகில் வைத்து நோக்குதல் தகும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். வரவேற்பவனின் முகம் சற்றே திரிந்தாலும் விருந்தினன் வாடிவிடுவான் என்பது அவ்வதிகாரத்தின் நுண்ணிய கருத்துகளுள் ஒன்று. அங்கே காக்கப்படுவது விருந்தினனின் மென்மை. உல்லாச விடுதியிலோ வாடுகின்ற முகம் வரவேற்பவனுடையது. அது வாடலாகாது என்பது அவனுடைய தொழில் விதி. குடிமயக்கத்தில் ஒருவன் இழிவாகப் பேசினாலும் புன்னகைக்க வேண்டும். வீட்டில் நோயாளி கிடந்தாலும் புன்னகைக்க வேண்டும். விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வந்தவன் விருந்தினனானான். வாடிக்கையாளனோ எத்தனை முறை வந்தாலும் கட்டணச்சீட்டில் ஓர் எண்ணாகவே நிற்பவன். புதியவனாக வந்தவனை ஓர் எண்ணாகவும், ஊரவனை ஒரு சேவையாகவும் மாற்றுவது இத்தொழிலின் இயல்பான சரிவு. இச்சரிவில் இரு தரத்தாருமே இழப்புக்குள்ளாகின்றனர்.

பொருளாதார நியாயத்துக்கு எதிராக இன்னொரு குரலும் ஊரில் எழுவதுண்டு. இரவுக் களியாட்டம் மேனாட்டு இறக்குமதி என்றும், அது பண்பாட்டைச் சீரழிக்கும் என்றும், கரையிலிருந்து அதனை அகற்றிவிட வேண்டும் என்றும் அக்குரல் கூறும். அதில் உண்மை இல்லாமலில்லை. தாய்லாந்தின் பட்டாயா ஒரு காலத்தில் மீன்பிடிக் கிராமமாயிருந்தது. வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்கப் படைவீரர் ஓய்வுக்காக அங்கு வரத்தொடங்கியதன் பின், அவ்வூர் எத்தகைய வாணிகத்தால் உலகறியப்பட்டதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், அக்குரல் குற்றம் முழுவதையும் வந்தவன் மீது சுமத்திவிட்டு, காணியை விற்றவனையும் குத்தகைக்கு விட்டவனையும் போத்தல் விநியோகித்தவனையும் மறந்துவிடுகின்றது. அன்றியும், இரவில் கூடிக் களிப்பது தமிழர்க்குப் புறம்பானது என்ற அதன் அடிப்படையே பிழையானது.

கிழக்கிலங்கை கண்ணகியை வழிபடும் நாடு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நிகழும்போது கண்ணகி வழக்குரை இன்றும் படிக்கப்படுகின்றது. அக்கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில் கடற்கரை இரவு ஒன்று உண்டு. இந்திரவிழாவின் முடிவில் கடலாடச் சென்ற புகார் மக்களையும், கரையில் எரிந்த விளக்குகளையும் இளங்கோவடிகள் ஒன்றொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். பூ விற்போர் விளக்கும், பணியாரம் சுடுவோர் விளக்கும், மீன் விற்போர் விளக்கும், வேற்றுமொழி பேசும் அந்நியரின் விளக்கும், வலைஞரின் படகு விளக்கும் அங்கே ஒரே வரிசையில் வருகின்றன. களிப்போரின் கரையும் உழைப்போரின் கரையும் அவர் பார்வையில் ஒன்றே; இடையில் வேலி இல்லை. அக்களிப்பை அவர் பழிக்கவுமில்லை. கோவலனின் வீழ்ச்சிக்குக் காரணம் அவன் கடலாடச் சென்றமையன்று. பக்கத்தில் இருந்தவள் பாடிய பாட்டின் பொருளை அவன் கேட்டறிய முயலவில்லை. வீட்டில் இருந்தவளின் நிலையையும் அவன் எண்ணவில்லை. களிப்பின் நடுவே பிறரைக் காணாதிருந்தமையே அவனுடைய பிழை.

இதனை இன்னும் அண்மையில் நின்று விளங்கிக்கொள்ள மட்டக்களப்புக் கூத்து உதவும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் புத்துயிர் பெற்ற வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் தாயகம் இவ்வாவியின் இருகரைக் கிராமங்களே. கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை ஆடப்படுவது. மத்தளம் முழங்கும், அயலூரார் வண்டி கட்டி வந்து மணலிற் பாய் விரித்திருப்பர், களரியைச் சுற்றிக் கடலை விற்பவரும் தேநீர் விற்பவரும் இருப்பர், மது அருந்தியவரும் இல்லாமலிரார். ஒலியினாலும் நேரத்தினாலும் நோக்கினால் கூத்திரவுக்கும் உல்லாசக் கரையின் இரவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு விடியலில் இருக்கின்றது. கூத்தைப் பார்த்தவன் யாருடைய மகன், எந்தக் குடி, எந்த ஊரில் பெண் எடுத்தவன் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். இரவில் அவன் பிழை செய்தால் காலையில் அதே அண்ணாவியாரின் முகத்தையும் அதே அயலவரின் முகத்தையும் பார்த்தாக வேண்டும். நாளைக் காலை என்ற ஒன்று இருப்பதே அவன் களிப்புக்கு அளவாகின்றது.

உல்லாச நகரில் பயணிக்கு நாளைக் காலை இல்லை. இருந்தாலும் அது விமான நிலையத்திலோ வேறோர் ஊரிலோதான் விடியும். அவன் கட்டணம் செலுத்தி வாங்குவனவற்றுள் விலைப்பட்டியலில் எழுதப்படாத பண்டம் இதுவே: தன்னை அறிந்தவர் இல்லாமை. தன்னை எவரும் அறியாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதே அவன் ஒழுக்கத்தின் உண்மையான அளவுகோல் என்பது பழைய கருத்து. ஆனால், உண்மையில் அங்கே அறிவார் இல்லாமலில்லை. அவன் விட்டுச் சென்ற நாளைக் காலையில் ஊரவர் வாழ்கின்றனர். விடியலில் கரைவலை இழுக்க வரும் மீனவரின் காலில் உடைந்த போத்தல் குத்துகின்றது. இரவு முழுவதும் பரிமாறிய இளைஞன் முதல் பஸ்வண்டியில் வீடு திரும்புகின்றான். ஒலிபெருக்கியின் அதிர்வில் உறங்காத குழந்தை பாடசாலைக்குச் செல்கின்றது. பயணியின் விடுதலை உண்மையில் ஒரு கைமாற்று. அவன் இறக்கிவைத்த பொறுப்பை வேறொருவர் சுமக்கின்றனர்.

இவ்விடத்தில் பயணி என்றதும் மேனாட்டவரை மட்டும் எண்ணுதல் தவறாகும். வார இறுதியில் பாசிக்குடாவுக்கு வண்டி பிடித்துச் செல்லும் உள்ளூர் இளைஞரும் பல்கலைக்கழக மாணவரும் இவ்வினாவிலிருந்து விலக்கப்பட்டவரல்லர். தம் ஊர்க் குளக்கரையில் செய்யத் துணியாததை அயலூர்க் கரையில் செய்யலாம் என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உளர். தன் ஊரில் பெரியோர்க்கு முன் சிகரெட்டை மறைக்கும் இளைஞன், அயலூர்க் கரையில் குளிக்கவந்த பெண்களைப் பார்த்துக் கூச்சலிடுவானாயின், அவன் மறைத்தது மரியாதையால் அன்று என்பது வெளிப்படுகின்றது. அயலூர் என்பது அறத்துக்கு விடுமுறை என்ற எண்ணம் தோலின் நிறத்தைப் பார்த்து வருவதில்லை.

இனி, இக்கரைகளுக்கே சிறப்பாகவுரிய கேள்வி ஒன்று உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் 2,000 பேருக்கு மேற்பட்டவர். புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்தால் வரும் கடற்கரையோரக் குடியிருப்புகள் ஒரு காலைப்பொழுதில் அழிந்தன. நாவலடி என்ற பெயரை அம்மாவட்டத்தில் எவரும் அந்நாளை நினையாமல் உச்சரிப்பதில்லை. இத்தகைய கரையிற் களித்தல் தகுமா? ஆண்டுதோறும் டிசெம்பர் 26 ஆம் திகதி இறந்தோரின் உறவினர் கரைக்கு வந்து விளக்கேற்றுகின்றனர். அப்பொழுது வடகீழ்ப் பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கரையில் பயணிகள் குறைவு. உல்லாசப் பருவம் தொடங்குவதோ மழை ஓய்ந்து கடல் அடங்கிய பின்னர். ஆகவே, அழுபவரும் ஆடுபவரும் ஒரே மணலில் நின்றும் ஒருவரையொருவர் காண்பதில்லை. ஒரு பருவத்துக்குரியவர் மறு பருவத்தை அறியார். கிழக்குக் கரையின் அறச்சிக்கல் முழுவதும் இந்நாட்காட்டியில் அடங்கியுள்ளது எனலாம்.

இதிலிருந்து, துயருற்ற கரையில் களிப்பே கூடாது என்று முடிவு கொள்வோர் உளர். அம்முடிவு மிகையானது. மணிமேகலை கூறும் கதையில், காணாமற்போன மகனைத் தேடித் துயருற்ற சோழ மன்னன் இந்திரவிழாவைக் கைவிட்டான். அதனால் கடல் பொங்கிப் புகாரை விழுங்கிற்று. துயரம் காரணமாகவும் விழாவை நிறுத்தலாகாது என்று கருதிய பழையோர், விழாவை இன்ப நுகர்ச்சியாக மட்டுமன்றி ஊரின் கடமையாகவும் கண்டனர் போலும். பிள்ளையை இழந்த தாய்க்கும் எஞ்சிய பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வேண்டியிருக்கின்றது; பயணிகள் வராத ஆண்டில் அவ்வீட்டின் அடுப்பு எரிவது அரிது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் நாட்டின் வேறு தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்ததன் பின் பயணிகளின் வரவு குன்றியபோது, கரையோர மக்கள் இதனை மீண்டும் உணர்ந்தனர். துயரம் களிப்பை நிறுத்துமாறு கேட்பதில்லை. தான் எங்கே நிற்கின்றது என்பதைக் களிப்பு அறிந்திருக்க வேண்டுமென்றே அது கேட்கின்றது.

அறிந்த களிப்பு, அறியாத களிப்பு என்ற இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், விருந்தினனின் உரிமையும் கடமையும் தெளிவுபெறும். கான்ற் 1795 இல் நிலைத்த சமாதானம் பற்றி எழுதிய நூலில், அந்நியன் ஒருவன் பிறர் நாட்டில் வந்திறங்கும்போது பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை அவனுக்கு உண்டென்றார். பூமி எல்லையற்று விரியாத உருண்டையாதலின், மனிதர் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டே வாழவேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். ஆனால், அது வருகை தருவதற்கான உரிமை மட்டுமே என்றும், அந்நிலத்தைத் தனதாக்கும் உரிமையன்று என்றும் அவர் வரையறுத்தார். வருகையின் பெயரால் பிற நிலங்களைக் கைப்பற்றிய ஐரோப்பியரை அவர் அங்கேயே கண்டித்தார். இரு நூற்றாண்டுகளின் பின் பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் டெரிடா, நிபந்தனையற்ற விருந்தோம்பல் என்ற இலட்சியத்துக்கும், சட்டமும் எல்லையும் கொண்ட நடைமுறை விருந்தோம்பலுக்கும் இடையிலுள்ள தீராத முரணைச் சுட்டினார். வரவேற்பவனுக்கு ஒரு வீடு இருந்தால்தான் அவன் கதவைத் திறக்க முடியும். மீனவன் தன் கரையை இழந்துவிட்டால், அவன் பயணியை வரவேற்பவனாக இரான். பயணியின் பார்வையில் ஒரு காட்சியாகவே எஞ்சுவான்.

ஆதலின் கடப்பாடு பயணியின் தனிமனித ஒழுக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. கரைக்குச் செல்லும் வழி விடுதி மதிலால் அடைபடாதிருத்தல், தோணி இறங்குதுறை காக்கப்படுதல், ஒலிக்கு நேர எல்லை வகுத்தல், காணி வழங்கும்போது ஊரவரின் சம்மதம் கேட்டல், பணியாளன் இழிவுபடுத்தப்படும்போது புன்னகையாது விலகும் உரிமையை அவனுக்கு அளித்தல் ஆகியன அரசும் முதலீட்டாளரும் ஏற்கவேண்டிய கடமைகள். கரையோரப் பாதுகாப்புக்கென இந்நாட்டில் 1981 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருத்தல் ஒன்று. அதனை வலியுறுத்தும் துணிவு ஊருக்கு இருத்தல் வேறொன்று. யுத்தத்தாலும் அலையாலும் களைத்துப்போன ஊர் அத்துணிவைப் பெறுவதற்குக் கற்றோரின் துணை வேண்டும்.

மூன்று நாள் தங்கிச் செல்பவன் ஓர் ஊரின் நானூறு ஆண்டு வரலாற்றைக் கற்க முடியுமா என்று எவரேனும் வினவலாம். முடியாது, அவனிடம் அதனை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. எதிர்பார்க்கத்தக்கது கேட்கும் ஆயத்தம் ஒன்றே. இதற்கு இவ்வாவியே ஓர் உவமையைத் தருகின்றது. கோடைகாலத்து நிலவு நாட்களில் கல்லடிப் பாலத்தருகே நீருக்கடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்கப் பயணிகள் நெடுங்காலமாக வந்துள்ளனர். எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளிவந்த தம் நூலில் அதனைப் பதிவு செய்தார். விபுலாநந்த அடிகள் அவ்வோசையை நீரரமகளிரின் இன்னிசையாகக் கற்பனை செய்தார். மீன் பாடுகின்றதா, சிப்பி பாடுகின்றதா என்பது எவ்வாறாயினும், அதனைக் கேட்கும் முறை ஒன்றே. ஊர்த் தோணிக்காரன் ஒருவன் வழிகாட்ட வேண்டும். தோணி அசையாது நிற்க வேண்டும். துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியில் காதை வைத்துப் பேசாதிருக்க வேண்டும். அதுவும் ஓர் இரவுக் களிப்பே. கட்டணம் கொடுத்துப் பெறுவதே. ஆயினும், அங்கே பயணி ஊரவனை நம்பியிருக்கின்றான். ஊரவன் தான் அறிந்ததைப் பகிர்கின்றான். நீரும் இரவும் பிறர் உறக்கமும் குலையாதிருக்கின்றன. இருவரும் ஒரே துடுப்பில் மாறிமாறிச் செவிமடுக்கும் அந்நேரத்தில் ஒருவன் விருந்தினனாகவும் மற்றவன் வரவேற்பவனாகவும் ஆகிவிடுகின்றனர்.

எல்லாக் களிப்பும் இத்தகைய மௌனமாக இருக்க வேண்டுமென்பதில்லை. இளமைக்கு ஆட்டமும் ஆரவாரமும் வேண்டும். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் இன்னும் பல தலைமுறையினர் ஆடிப்பாடுதல் நன்றே; நெடுங்காலம் துப்பாக்கியின் ஓசையைக் கேட்ட கரைகள் அவை. ஆயினும், ஆடச் செல்பவன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். நாளைக் காலையும் இதே ஊரில் விடிந்து, இதே மனிதரின் முகங்களைப் பார்க்க நேர்ந்தால், இன்றிரவு அவன் எவ்வாறு களிப்பான்? அக்கேள்விக்கு நாணாது விடை கூறத்தக்க களிப்பே அறத்தோடு பொருந்திய களிப்பு என்பது இக்கட்டுரையின் துணிபு.